நாணயம் விழும் ஓசை

ஊரை ருஸ்தவி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
மாடியை மாற்றிவிட்டேன்,
கோட்டின் நிறத்தையும்.
அவளுக்குப் பெயர் வைக்கப்போவதில்லை,
பொய்ப்பெயர்கூட.

மார்ச் மாதம். இரவுப்பணி.
அறையில் மூன்று மேசை, ஒரே ஹீட்டர்,
அதுவும் சியூரியின் காலடியில்.
பதினொன்றே முக்காலுக்கு மணி அடித்தது.
எடுத்தேன். பேச்சு இல்லை.
பேசாதவர்களை நாங்கள் அவசரப்படுத்துவதில்லை.
மூச்சு இருந்தது. மூச்சுக்குப் பின்னால்
லிஃப்டின் உண்டியலில் பத்து தெத்ரி விழும் ஓசை,
கம்பி முனகிக்கொண்டு மேலேறும் ஓசை.
படிக்கட்டில் நின்று பேசுகிறாள்.
வீட்டுக்குள் யாரோ தூங்குகிறார்கள்.
அல்லது தூங்கவில்லை.

"என் பெயரைக் கேட்பீங்களா?"
மாட்டேன்.
"நம்பர் தெரியுதா உங்களுக்கு?"
திரையில் ஒன்பது இலக்கமும் எரிந்துகொண்டிருந்தன.
தெரிகிறது, இந்த அறையைத் தாண்டாது என்றேன்.
"அவங்க வந்து கதவைத் தட்டும்போது
மேல்வீட்டுக்காரிதான் சொன்னாள்னு
சொல்லிடுவாங்களா?"
சொல்ல மாட்டார்கள்.
"சத்தியமா?"

சத்தியம் செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை.
விதி இருக்கிறது என்றேன்.
சொன்னபோது அந்தச் சொல்
நனைந்த தீக்குச்சிபோல் இருந்தது எனக்கே.
ஆனால் இதை மட்டும் மழுப்பவில்லை:
உங்களை மறைக்க என்னால் முடியும்.
பையனை மறைக்க முடியாது.
முகவரி வேண்டும்.

மறுபடி ஒரு நாணயம். லிஃப்ட் கதவு.
செருப்புச் சத்தம்.
"ஆமாம் அக்கா," என்றாள் திடீரென்று உரக்க,
"பீன்ஸ் ஊறப்போட்டாச்சு,
உப்பு கடைசியிலதான் போடணும், என்ன சொல்ல."
எத்தனை கிலோ என்று கேட்டேன்.
"ரெண்டு."
கொத்தமல்லி இருக்கிறதா என்றேன்.
சியூரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.
எங்கோ ஒரு சாவி திரும்பி, ஒரு கதவு சாத்தியது.

பிறகு கிசுகிசுத்தாள்:
ஹீட்டர் குழாய் வழியாக எல்லாம் கேட்கும்.
முதலில் பெல்ட்டின் கொக்கி.
அப்புறம் பையன் எண்ணுவான்.
அவனையே எண்ணச் சொல்கிறார்கள், என்ன சொல்ல.
நேற்று பதினான்கோடு நின்றுவிட்டது.
பதினைந்து அவனுக்கு இன்னும்
சொல்லிக்கொடுக்கவில்லையோ என்று
விடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

முகவரியைச் சொன்னாள்.
என் தெருவுக்கு அடுத்த தெரு.
பேனா அரைக் கணம் நின்றது. எழுதினேன்.

சனிக்கிழமை ரொட்டிக்கடையில் நீண்ட வரிசை.
களிமண் அடுப்புக்குள் தலைகீழாய்க் குனிந்து
ரொட்டியைப் பெயர்த்தெடுத்துக்கொண்டிருந்தான் கடைக்காரன்.
எனக்கு முன்னால் ஒரு குரல்:
"நாலு ஷோத்தி, நல்லாச் சிவந்ததா, என்ன சொல்ல."

தரையைப் பார்த்தேன்.
தரையில் மாவு, சேற்றுக் காலடிகள்.

பையனைக் கூட்டிக்கொண்டு போனார்களாம்,
இல்லை, தாய்தான் தூக்கிக்கொண்டு ஓடினாளாம்.
வரிசை பேசியது.
எனக்குத் தெரியாது; எங்களுக்குச் சொல்வதில்லை.
யார் போன் போட்டது என்பதில்தான்
எல்லாருக்கும் சந்தேகமே இல்லை:
மூன்றாம் மாடி ஓட்டியா.
மின்கணக்கு எடுக்கிறவன்,
வீட்டுக்கு வீடு எட்டிப்பார்க்கிறவன்.
அவன் வரிசையின் கடைசியில் நின்றிருந்தான்.
காலை வணக்கம் ஒருவரும் வைக்கவில்லை.
அவன் அழைப்புமணியில் யாரோ
சிகரெட்டை அணைத்திருக்கிறார்களாம்.
சொல்லிச் சிரித்தார்கள்.

அவள் கழுத்து சிவந்தது.
ஒரு சொல் போதும், ஓட்டியா கழுவப்பட்டுவிடுவான்.
அந்தச் சொல்லுக்கு இரண்டு பேர் காவல்,
அதில் ஒருத்தியை இன்னொருத்திக்குத் தெரியாது.

காசு கொடுத்தாள். நகர்ந்தாள்.
வரிசையின் கடைசிக்குப் போய்
ஆவி பறக்கும் ரொட்டி ஒன்றை அவனிடம் நீட்டினாள்.
"கூட வாங்கிட்டேன், என்ன சொல்ல."
அவன் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
வாங்கிக்கொண்டான்.

அவள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.
எத்தனை வேண்டும் என்றான் கடைக்காரன்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும் என்றால்
இந்தக் குரலும் அவளுக்குத் தெரியும்.

இரண்டு விரல் காட்டினேன்.